ஹில்டா வீட்டுக் குளிர்

"ஒரு வாய் மீன் திங்கதில்ல, ஒரு வார்த்தை பேசதில்ல, மாடிப்படியில காலை வச்சா பாதம் விறைக்கு, இந்தப் பிள்ளையைக் கூட்டியாந்து வைக்கதுக்கு ரெண்டு பார் ஐஸை வாங்கி அந்த ரூம்ல வச்சிருக்கலாம்" என்று ரொமால்ட் கொரேரா சொன்னதை, ஒரு எழுத்து குறையாமல், மூக்கால் இழுக்கிற அதே ராகத்தில், அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினாள் ஹில்டா. சொல்லிவிட்டுக் கரண்டியை அடுப்பு மேடையில் ஒரு தட்டுத் தட்டி, "இதானே சொன்னிய?" என்றாள்.

"குளிருதுன்னு சொன்னேன்."

"குளிருதுன்னு சொல்லல. பிள்ளைக்குப் பதிலா ஐஸ் வாங்கியிருக்கலாம்னு சொன்னிய. இறால் வாங்க வந்த கொச்சிக்காரன் முன்னாடி 'எங்க வீட்ல நார்வேப் பிள்ளை தங்கியிருக்கு'ன்னு நெஞ்சை நிமித்துன ஆளு யாரு, நானா? மேல இருக்க பிள்ளைக்குத் தமிழ் தெரியாதுன்னா தொண்டை கிழியக் கத்தணுமா? குளிருனா சட்டையைப் போடுங்க. வீட்டுக்குள்ள வெறும் உடம்போட அலைஞ்சா குளிரத்தான் செய்யும்."

ரொமால்ட் சட்டையைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் சண்டைகள் அப்படித்தான் முடியும், ஹில்டா பேசி முடிப்பாள், ரொமால்ட் செருப்பைத் தேடுவார்.

தூத்துக்குடியில் கன்னியர் மடத்துப் பள்ளியில், சின்ன வயதிலிருந்தே விடுதியில் தங்கிப் படித்தவள் ஹில்டா. முட்கரண்டி பிடிக்கவும், சத்தமில்லாமல் மூக்கைச் சிந்தவும், யார் இங்கிலீஷில் எந்தப் பிழை விட்டாலும் புருவத்தை உயர்த்தவும் அங்கே கற்றுக்கொண்டு, கடைசியில் பவளத்துறையில் ஒரு விசைப்படகுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு, அத்தனை இங்கிலீஷையும் காஸ் ஏஜென்சிக்காரனிடமும் இறால் வாங்குகிற கொச்சி கம்பெனிக்கு எழுதும் இமெயிலிலும் கொட்டிக்கொண்டிருந்தாள். ஒரே மகன் கப்பலுக்குப் போய்விட்டான், மாடி அறை காலியாய்க் கிடந்தது. பவளத்துறைப் பள்ளியின் தலைமைச் சகோதரி பெனடிக்டா, ஒருகாலத்தில் தூத்துக்குடி விடுதியில் ஹில்டாவை மேய்த்தவர், போன் போட்டு, "நார்வே நாட்டு வடகோடியிலருந்து ஒரு பிள்ளை, பதினாறு வயசு, ஆறு மாசம் நம்ம ஸ்கூல்ல படிக்க வருது, ஒரு நல்ல குடும்பம் வேணும், உன் இங்கிலீஷ் நல்ல இங்கிலீஷ் ஹில்டா" என்றபோது, கடைசி வாக்கியம் காதில் விழுந்ததுமே அவள் சரி என்றுவிட்டாள். மற்றதையெல்லாம் பிறகுதான் யோசித்தாள்.

பொங்கல் முடிந்த கையோடு வந்து இறங்கினாள் மாரித். தேங்காய் நாரைவிட வெளுத்த முடி, வாசல் நிலை இடிக்காமல் குனிந்து வருகிற உயரம், சோறு வைத்தாலும் தேங்க் யூ, சோறு ஏன் மிச்சம் வைத்தாய் என்று திட்டினாலும் தேங்க் யூ. பகலில் பள்ளிக்குப் போய் வந்தாள். மற்ற நேரமெல்லாம் மாடி அறையில் கடல் தெரிகிற ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கடலுக்கு நேர் எதிராக முதுகைக் காட்டி, வடக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சுவரில் பஞ்சாங்க நாள்காட்டியும் ஒரு பல்லியும் தவிர வேறொன்றும் இல்லை. அழுதால் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் தாடை வரை வந்து, அங்கே நின்றுவிடும்.

முதலில் தேங்காய் எண்ணெய் உறைந்தது. அது எல்லா வீட்டிலும் பனிக்காலத்தில் நடப்பதுதான். பிறகு நல்லெண்ணெய் உறைந்தது. மாசி வெயில் ஏறி, ஊரில் நாய்கூடக் கூரைநிழல் தேடிப் படுக்கிற நாளில், மாடி அறைக் கண்ணாடியில் பூவிழுந்த கண்போல வெள்ளை படர்ந்து, மாதா சொரூபத்தின் முன்னால் வைத்த செம்புத்தண்ணீர் கட்டியாகி, பல்லி சுவரில் ஒட்டியபடியே சித்திரம்போல நின்றுவிட்டது. ஹில்டா அந்தச் செம்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். விழவில்லை. "குளிர்நாட்டுப் பிள்ளைட்டருந்து குளிர்தான் வரும், துபாய்க்காரன் வந்தா சென்ட் மணக்கலையா" என்று சொல்லிக்கொண்டே, புளித்துப்போகிற இட்லி மாவுச் சட்டியை எடுத்துப்போய் அங்கே வைத்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் அவள் பட்ட ஆச்சரியம்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். வீட்டை நினைத்தால்தான் அந்தப் பிள்ளையிடமிருந்து குளிர் இறங்கும். அம்மாவிடம் போனில் பேசினால் அறை வெதுவெதுப்பாகும், பல்லி நகரும், பிள்ளை முகத்தில் ரத்தம் ஓடும். போனை வைத்தபிறகோ முன்னைவிடக் குளிர் இறங்கும். விடுதியில் ஹில்டா பார்த்த சட்டம் வேறு. அங்கே புதிதாய் வந்து அழுகிற பிள்ளைக்கு அம்மாவைக் காட்டமாட்டார்கள், பார்க்க வந்த தாய்மார்கள் பலகாரப் பொட்டலத்தை வரவேற்பறையில் கொடுத்துவிட்டு மகளின் மூக்கு நுனியைக்கூடப் பார்க்காமல் திரும்புவார்கள், மறக்க மறக்கத்தான் ஒட்டும் என்பது சகோதரிகளின் நம்பிக்கை. பிள்ளையை அனுப்பிவைத்த சங்கத்தாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள், அடிக்கடி வீட்டோடு பேசவிடாதீர்கள் என்று. எனவே ஹில்டா மாரித்தின் போனை வாங்கி, தன் பீரோவில், கலியாணப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"நாலு நாள் அழுவா, பொறவு சரியாயிருவா. நான் சரியாகலையா?" என்றாள்.

"நீ எங்கட்டி சரியான?" என்றார் ரொமால்ட்.

பவளத்துறையில் ஐஸ் பிளாண்ட் இருந்தது, ஐஸ் இல்லை. அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போய் அதை இழுத்துப் பூட்டி வெகுகாலமாகிறது. தூத்துக்குடியிலிருந்து லாரியில் வருகிற ஐஸ், உமியையும் சாக்கையும் போர்த்திக்கொண்டு கிளம்பி, வழியெல்லாம் அழுதுகொண்டே வந்து சேரும்போது பாதியாய் நிற்கும். காலையில் பிடித்த மீன் மத்தியானத்துக்குள் கண் கலங்கி, செவுள் கறுத்து, ஏலத்தில் யாரும் தொடாமல் கருவாட்டுக்குப் போகும். இப்படியிருக்கிற ஊரில்தான், கூடை மீன் விற்கிற பெர்பெத்து, "வெள்ளைக்காரப் பிள்ளையை ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று தலையில் சீலா மீன் கூடையோடு மாடியேறினாள். ஏறியவள் பிள்ளையைப் பார்த்த பூரிப்பில் கூடையை இறக்கி வைத்தாள். இறக்கி வைத்தவள் ஹில்டாவோடு பழைய சண்டை ஒன்றை நினைத்துக்கொண்டு, திட்டிக்கொண்டே கூடையை மறந்து இறங்கிப் போய்விட்டாள். ரோஷம் தணிந்து திரும்பி வந்தபோது சில நாள் ஆகியிருந்தது. மீன் கண் பளிங்குபோல இருந்தது. செவுளைத் தூக்கினால் செம்பருத்தி.

"ஏக்கா," என்றாள் பெர்பெத்து, மூச்சை உள்ளே இழுத்து, "இது இப்பக் கடல்லருந்து வந்த மீனுல்லா?"

"உன் மீனு. உன் திமிரு மாதிரியே கெடாம கெடக்கு. தூக்கிட்டுப் போ."

பெர்பெத்து தூக்கிக்கொண்டு போகவில்லை. இன்னொரு கூடையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

பிறகு அக்கம்பக்கத்துக் கூடைகள் வந்தன, கூடைகளுக்குப் பின்னால் பெட்டிகள் வந்தன, பெட்டிகளுக்குப் பின்னால் படகுக்காரர்களே வந்தார்கள், மாடிப்படியில் ஏறுகிறவர்களுக்கு ஒரு ஓரம் இறங்குகிறவர்களுக்கு ஒரு ஓரம் என்று தானாகவே ஒரு முறை உண்டாயிற்று. ரொமால்ட் படகுக்காரர் சங்கத் தலைவர். அவர் அறையைச் சுற்றிப் பார்த்து, மகனின் கட்டிலைப் பிரித்து வெளியே போடச் சொல்லி, சுவரோரமாகப் பலகை அடுக்கச் செய்து, பிள்ளையின் நாற்காலிக்கும் படுக்கைக்கும் மட்டும் இடம் விடச் சொன்னார். "வாயில்லாப் பிள்ளை. நம்ம ஊருக்கு வந்த ஆசீர்வாதம்" என்றார். 'ஒரு வார்த்தை பேசதில்ல' என்று அவர் குறைசொன்னதை ஹில்டா நினைவுபடுத்தினாள். அவர் செருப்பைத் தேடினார். ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார், "கானாவூர்க் கலியாணத்துல தண்ணி எப்படித் திராட்சரசம் ஆச்சுன்னு யாராச்சும் கேள்வி கேட்டாங்களா? குடிச்சாங்க" என்றார், அதோடு ஊரில் யாருக்காவது கேள்வி இருந்திருந்தாலும் தீர்ந்தது. கோயிலுக்கான பங்கு மீனும் அந்த வாரம் மாடியேறியது. விடுதிப் பிள்ளைகளுக்கு வெள்ளிக்கிழமை வைக்கிற மீனைச் சகோதரி பெனடிக்டாவும் கொடுத்தனுப்பினார்.

யாரும் அந்தப் பிள்ளையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, அதை மட்டும் சொல்லியாக வேண்டும். மீன் வைக்க வந்த பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள், ஜரிகைப் பாவாடை கொண்டுவந்து கொடுத்தார்கள், "எங்க பிள்ளை, எங்க தங்கம்" என்றார்கள். ஹில்டாவுக்கு ஊரில் 'குளிர் வீட்டம்மா' என்று பெயராயிற்று. மார்க்கெட்டில் அவளுக்கு இடம் விட்டார்கள், அவள் திட்டினால் சிரித்தார்கள், அந்த மரியாதை அவளுக்கு இதமாகத்தான் இருந்தது.

ஒருநாள் பெர்பெத்து, ரொமால்ட் வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு செருப்பைத் தேடுவதைப்போல அறைக்குள் நடந்து காட்டினாள். மாரித் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அந்த ஊருக்கு வந்து முதல்முதலாகச் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் பலகையில் கிழக்கு வரிசை ஊளி மீன் அத்தனையும் தளர்ந்து, தண்ணீர் விட்டு, நாற்றமெடுத்தது. சாயங்காலமே படகுக்காரர் சங்கம் கூடிற்று. ஊளி மீனுக்குச் சொந்தக்காரர் அழுதார். மேசையைத் தட்டினார்கள். இனிமேல் பிள்ளை முன்னால் யாரும் வேடிக்கை காட்டக் கூடாது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது, பள்ளியில் பிள்ளைகள் சிரிக்க வைக்கிறார்கள் என்பதால் பள்ளிக்கும் கொஞ்ச நாள் போக வேண்டாம், காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானமாயிற்று. பெர்பெத்து எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டாள். "பாவந்தான்" என்றார் ஏலம் கூறுகிற சூசை மோத்தா, "பாவம் இல்லைன்னு யாரு சொன்னா? பாவத்தைப் பாத்தா மீனைப் பாக்க முடியுமா?"

நார்வேயில் இருக்கிற தாய்க்கு என்ன சொல்வது என்று கேள்வி வந்தபோது எல்லாருடைய கண்ணும் ஹில்டாவைப் பார்த்தது. ஊரில் இங்கிலீஷ் அவளிடம் இருந்தது.

தாயின் பெயர் லிவ். தன் மகளின் போன் அணைந்திருக்கிறதே என்று ஹில்டாவின் போனுக்குச் செய்தி அனுப்புவாள், அவளுடைய இங்கிலீஷ் நொண்டும், சொல் முன்பின்னாய்க் கிடக்கும். ஹில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதில் எழுதினாள். மாரித் மிகுந்த மகிழ்ச்சியோடிருக்கிறாள், எங்கள் உணவை விரும்பிச் சாப்பிடுகிறாள், தோழிகளோடு வெளியே போயிருக்கிறாள், போன் பழுதாகிவிட்டது, அவளைப் போன்ற ஒரு பிள்ளையை வளர்த்ததற்காக உங்களை வாழ்த்துகிறேன் என்று, ஒரு காற்புள்ளி இடம் மாறாமல், மடத்துச் சகோதரிகள் பார்த்தால் வாழ்நாள் முழுக்க மெச்சிக்கொள்கிற மாதிரி எழுதினாள். மாடிக்குப் போய், "உன் அம்மா உன்னை தைரியமாய் இருக்கச் சொன்னாள், கொஞ்ச நாள் பேச வேண்டாமென்று அவளே சொன்னாள்" என்றாள். மாரித் தலையாட்டினாள். தேங்க் யூ என்றாள். அறையின் மேற்கூரையில் வெள்ளை முள்முள்ளாய் இறங்கியது, அன்றைக்கு இரு மடங்கு பெட்டிகள் உள்ளே போயின.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடி, சிலுவையடியில் மகனைத் தேடி வந்த தாயின் புலம்பலைப் பாடுவது பவளத்துறையில் வழக்கம். அந்த வருஷம் முதல் வெள்ளிப் புலம்பல் ஹில்டா வீட்டு முற்றத்தில் நடந்தது. பாட்டின் ஒரு சொல்லும் மாரித்துக்குப் புரியாது. ஆனால் ஒரு தாய் தேடுகிறாள் என்பதைச் சொல்ல அந்த ராகத்துக்குச் சொல் எதற்கு? ஜன்னல் கம்பிகள் வெடித்தன. படிக்கட்டின் கடைசிப் படிவரை உறைந்தது. சூசை மோத்தா பெட்டிகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வந்து, பெண்களைப் பார்த்துக் கைகூப்பினார். அதன்பிறகு வெள்ளிக்கிழமைக்கு மட்டும் உரிய புலம்பலை அவர்கள் தினமும் வந்து பாடினார்கள். பாடிவிட்டு மாடியைப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அந்தக் கண்ணீர் பொய்யில்லை.

பங்குனியில் ஒரு காலை, ஹில்டா எண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாய் மாடிக்குப் போனாள். பிள்ளையின் முடி சிக்குப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை. "பெரிய மகாராணி, தலைவாரிக்கொள்ள ஆள் வேணும்" என்று இங்கிலீஷில் வழக்கம்போல வைதுகொண்டே பின்னால் நின்று வாரத் தொடங்கினாள். நாற்புறமும் மீன். பலகைக்குப் பலகை சீலாவும் பாறையும் விளமீனும் கண்ணைத் திறந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நீ ஏன் மீனே சாப்பிடவில்லை?" என்று கேட்டாள், கேட்பதற்கு வேறொன்றும் இல்லாமல்.

மாரித்தின் உதடு மெல்லப் பிரிந்தது. தன் அம்மா மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள், சாயங்காலம் வந்து தன் முகத்தை இரண்டு கையாலும் பிடிப்பாள், எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசம் போகாது, மீன் வாசம் தனக்கு அம்மா கை வாசம், அதை எப்படி வாயில் வைப்பது என்றாள்.

ஹில்டாவின் கையில் ஒரு கொத்து முடி, காய்ந்த அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு ஒடிந்து வந்தது.

சீப்பு கீழே விழுந்தது. அந்த அறைக்குள் அத்தனை கூடையையும் அத்தனை பெட்டியையும் ஏற்றி வைத்தது எதை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு பிள்ளையின் நான்கு பக்கமும் அவளுடைய அம்மாவின் கை வாசத்தை அடுக்கி, அம்மாவை மட்டும் எடுத்து பீரோவில் பூட்டியிருந்தார்கள். பிள்ளையின் கையைப் பிடித்தாள். நகங்களுக்கடியில் நீலம். தன் முந்தானைக்குள் அந்தக் கையை இழுத்து வைத்து, "வா, கீழ போவோம், வெயில்ல நிப்போம், உங்கம்மாட்ட பேசு, வா" என்று, இங்கிலீஷை மறந்துபோய்த் தமிழிலேயே சொல்லி இழுத்தாள்.

மாரித் நாற்காலியை விட்டு அசையவில்லை. ரெண்டு மாசமாய் அந்த அறையில் கேட்டுக் கேட்டு அவளிடம் ஒட்டியிருந்த தமிழில், வாயிலிருந்து புகை வர, நிதானமாகச் சொன்னாள்.

"மீன் கெட்டுப் போவும், ஆன்ட்டி."

ஹில்டா கீழே வந்து ரொமால்டைப் பிடித்துக்கொண்டாள். மீனை எல்லாம் இன்றைக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள் என்றாள். ரொமால்ட் அவளைப் புரியாமல் பார்த்தார். மீன்பிடித் தடைக்காலம் வருகிறது, படகு கரையில் ஏறிவிடும், மீன் இல்லாத அந்த நாட்களில் இந்த மீனுக்கு வருகிற விலையில்தான் இத்தனை குடும்பமும் நிமிரப்போகிறது, ஈஸ்டர் கழியட்டும், அப்புறம் தாயும் பிள்ளையும் பேசட்டும், யார் வேண்டாமென்றது?

"அதுவரை பிள்ளை இருக்கணுமே."

"இருக்கும். குளிர் நாட்டுப் பிள்ளைக்குக் குளிர் என்ன செய்யும்? நீதானட்டி சொன்ன, நாலு நாள் அழுவா, பொறவு சரியாயிருவான்னு?"

அவள் எப்போதோ சொன்னதை, ஒரு எழுத்து குறையாமல் அவர் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை ஹில்டாதான் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மிளகு ரசம் கொண்டுபோனாள், கிண்ணத்திலேயே உறைந்தது. கம்பளிகளைப் போர்த்தினாள், பலகைபோல நிமிர்ந்து நின்றன. தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள், தாடை அடித்துக்கொள்ள, பெர்பெத்து வந்து பிய்த்து எடுக்கும்வரை அப்படியே இருந்தாள். முற்றத்துக்குப் போய்ப் புலம்பலை நிறுத்தச் சொன்னாள். "எங்க மீனும் உள்ளதான கெடக்கு, ஹில்டாம்மா" என்றார்கள், மரியாதையோடு. பங்குச் சாமியாரிடம் போனாள், அவர் ஜெபிப்பதாகச் சொன்னார். சகோதரி பெனடிக்டாவிடம் போனாள், அவர், "நீயும்தான் விடுதிக்கு வந்த புதுசுல அழுத, இப்ப எவ்வளவு நல்லா இருக்க" என்று தலையைத் தடவினார். பீரோவிலிருந்து போனை எடுத்துக்கொண்டு மாடியேறினாள், படியிலேயே ரொமால்ட் வழிமறித்து, ஹில்டாவின் போனையும் சேர்த்து வாங்கி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஹில்டா இதுவரை வாயை மட்டுமே நம்பி வாழ்ந்தவள். அந்த வாய் இப்போது யார் காதிலும் ஏறவில்லை, 'குளிர் வீட்டம்மா கோவிச்சுக்கிட்டா' என்று சிரித்துக்கொண்டு பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.

மாரித் பேச்சை நிறுத்தினாள். பிறகு திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். வடக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே, கண் திறந்திருக்க, இமையில் வெள்ளை கட்டி, மூக்கு நுனியில் நூல்போல ஒரு புகை வந்தும் வராமலும் இருந்தது. ஊரார் அறை வாசலில் மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஈஸ்டருக்கு முதல்நாள் பெரிய சனிக்கிழமை, தடைக்காலத்துக்கு முந்தின கடைசி மீன் வந்து இறங்கிய நண்பகல். வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. படி முழுக்க ஆள், அறை முழுக்க ஆள், கடைசிப் பெட்டிகளை எங்கே நுழைப்பது என்று சூசை மோத்தா கைகாட்டிக்கொண்டிருந்தார், ரொமால்ட் பிள்ளையின் படுக்கையைச் சுருட்டி அந்த இடத்தையும் கொடுக்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டுவதற்காகச் சட்டைப்பையிலிருந்த போன்களை எடுத்து ஜன்னல் திண்டில் வைத்தார். ஹில்டா பிள்ளையின் போனை எடுத்துக்கொண்டாள். யாரையும் கேட்கவில்லை. கூடைகளை மிதித்துக்கொண்டு நாற்காலியருகே போய், அதை உயிர்ப்பித்து, லிவ்வின் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, பிள்ளையின் காதோரம் பிடித்தாள்.

போன் மணி ஒருதடவை முழுதாய் அடிக்கவில்லை, அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ," என்றாள் ஹில்டா, அவளையறியாமல் அவளுடைய மிக நல்ல இங்கிலீஷ் வந்தது, "திஸ் இஸ் மாரித்ஸ் ஹோஸ்ட் மதர் ஸ்பீக்கிங், ஐ ஆம் எக்ஸ்ட்ரீம்லி—"

"அக்கா. இங்கிலீசு வேண்டாம்."

அறையில் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் படியில் கால்வைப்பதுபோல வைத்து, யாழ்ப்பாணத்துச் சாயலில், அந்த வெள்ளைக்காரத் தாய் தமிழ் பேசினாள்.

"நான் தமிழ் பழகினனான். எங்கட மீன் பக்டரியில யாழ்ப்பாணத்து ஆக்கள் வேலை செய்யினம், அவையிட்டப் பழகினனான், உங்களோட கதைக்கத்தான். உங்கட மெசேஜ் எல்லாம் நல்ல வடிவு. ஒரு பிழையும் இல்லை. ஒரு குறையும் இல்லை. பதினாறு வயசுப் பெட்டையை வீட்டில வச்சிருக்கிற ஒரு மனுசி, இவ்வளவு நாளும் ஒரு குறையும் சொல்லேல்லை எண்டால், அந்த வீட்டில என்ர பிள்ளை இல்லை எண்டுதான் நான் நினைச்சனான். ஏன் அக்கா, என்ர பிள்ளை உங்களோட சண்டை பிடிக்கேல்லையோ? சாப்பாட்டைத் தட்டி விடேல்லையோ? கதவை அடிச்சுச் சாத்தேல்லையோ?"

ஊரையே குறைசொல்லி வளர்ந்த ஹில்டா, போனைப் பிள்ளையின் காதோடு இன்னும் நெருக்கிப் பிடித்தாள். இங்கிலீஷ் தெரியாது என்று இத்தனை நாளும் நிம்மதியாக இருந்த அத்தனை பேருக்கும் இப்போது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. பெர்பெத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிள்ளையின் இமையில் கட்டியிருந்த வெள்ளையில் ஒரு ஓரம் ஈரமானது. கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர், பிறகு இன்னொன்று, சூசை மோத்தாவின் பெட்டிமேல் விழுந்தது. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார், குனிந்து பெட்டியைப் பார்த்தார். அறையிலிருந்த எல்லாரும் அவரவர் கூடையைப் பார்த்தார்கள். ரொமால்டின் கை போனை நோக்கி நீண்டு, பாதியில் நின்றது.

"அக்கா, அங்க கன சனம் நிக்கினம் போல, மூச்சுச் சத்தம் கேக்குது. ஆரெண்டாலும் பரவாயில்லை. ஒருக்கா என்ர பிள்ளையைக் கதைக்கச் சொல்லுங்கோ."

சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"ஆராவது சொல்லுங்கோவன். அம்மா எண்டு ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."